பக்கத்து ஆளின் நெருப்பு

துப்பாக்கி பொய் சொல்லக் கூடாது என்பதில் இயக்குநர் நாகநாதன் உறுதியாக இருந்தார். மன்னர்கள் பொய் சொல்லலாம். மந்திரிகள் சொல்லலாம். அவருடைய கதாநாயகன் ஒரே தாவலில் அகழியைக் கடந்து, கீறல் படாத முகத்தோடு காதல் வசனம் பேசலாம். துப்பாக்கி மட்டும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எப்படிச் சுட்டதோ அப்படியே சுட வேண்டும்.

இந்த ஒழுக்கம் அவருக்கு அறிவால் வந்ததன்று, அடியால் வந்தது. அவருடைய முந்தைய படத்தில் வீரன் ஒருவன் பழங்காலத் துப்பாக்கி ஒன்றை ஏந்தி, மருந்து இடாமல், திரி கொளுத்தாமல், எதிரிகளை அடுத்தடுத்துச் சுட்டுத் தள்ளினான். பார்த்த இளைஞர்கள் அந்தக் காட்சியை வெட்டியெடுத்து, பேருந்து நடத்துநர் டிக்கெட் கிழிக்கும் ஓசையைச் சேர்த்து, கைப்பேசிதோறும் உலவ விட்டார்கள். நாடே சிரித்தது. நாகநாதன் சில மாதங்கள் எந்த மேடையிலும் ஏறவில்லை.

ஆகவே இந்த முறை அவர் ஓர் ஆலோசகரைத் தேடினார். கிடைத்தவர் எழில்மொழி. மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். தஞ்சைச் சீமைப் படைகளில் வெடிமருந்தும் துப்பாக்கியும் என்னும் பொருளில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். நன்னிலத்துக்கு அருகே ஒரு சிற்றூரின் காலனியில், பிறர் நிலத்தில் நாற்று நட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். முதல் இரண்டு தகுதிகளைத்தான் நாகநாதன் கேட்டறிந்தார். மூன்றாவதைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எழில்மொழியும் அதை மறைக்கவில்லை.

சென்னை அலுவலகத்தில், ஆசாரி ஒருவர் புதிதாகச் செய்து தந்த துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, எழில்மொழி விளக்கினார்.

"இது திரித் துப்பாக்கி சார். குழலுக்குள்ள மருந்தும் குண்டும் போட்டுக் கோலால கெட்டிக்கணும். இந்தப் பக்கத்துல இருக்கே சின்னக் கிண்ணி, அதுல ஒரு சிட்டிகை மருந்து. இந்தக் கயிறுதான் திரி. வெடியுப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் காயவெச்சது. நுனியில கனிஞ்சிக்கிட்டே இருக்கும். விசையை இழுத்தா இந்தக் கொக்கி அந்தக் கனலைக் கொண்டுபோய்க் கிண்ணியில வைக்கும். கனல் இருந்தா துப்பாக்கி. அணைஞ்சிட்டா உலக்கை."

"அணைஞ்சிட்டா என்ன பண்ணுவான்?"

"பக்கத்துல நிக்கிறவன்கிட்ட நெருப்பு வாங்குவான். அவன் திரியோட தன் திரியைச் சேர்த்து ஊதுவான். சண்டை நடுவுல வேற வழி இல்லை."

நாகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மேடம், இதுதான் என் படம். எதிரி வர்றான், இவன் திரி அணைஞ்சிருக்கு, பக்கத்துல ஒருத்தன் நெருப்பு குடுக்கிறான். வசனமே வேண்டாம். கவிப்ரியா, மேடம் இப்போ சொன்னதை அப்படியே ஷூட் பண்ணு. நம்ம முதல் வீடியோவே இதுதான்."

உதவி இயக்குநரான கவிப்ரியா அப்படியே செய்தாள். எழில்மொழி அந்த விளக்கத்தைக் கேமராவின் முன் மறுபடியும் சொன்னார். வீடியோ வெளியானது, இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். முன்பு சிரித்தவர்களே இப்போது, ஆள் திருந்திவிட்டார் என்று எழுதினார்கள்.

படப்பிடிப்புக்கு மரமில்லாத சமவெளி வேண்டும், பக்கத்தில் ஆற்றுக்கரை வேண்டும் என்று நாகநாதன் கேட்டபோது, தன் ஊரைக் காட்டியவரும் எழில்மொழிதான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் இயக்குநரிடம் சொல்வதற்கு முன்பே காலனிப் படிப்பகத்தில் கூடியவர்களிடம் சொல்லிவிட்டார்.

"வாள் பிடிச்சவனுக்குப் பாட்டு இருக்கு, செப்பேடு இருக்கு, சிலை இருக்கு. துப்பாக்கி பிடிச்சவனுக்கு என்ன இருக்கு? ஏன்னா அன்னிக்கு அது அழுக்கு வேலை. வெடியுப்பு எங்கேருந்து வருது? மாட்டு மூத்திரம் ஊறின கொட்டில் மண்ணுலேருந்து வருது. அந்த மண்ணைச் சுரண்டினது யாரு, காய்ச்சினது யாரு, கரியோட சேர்த்து அரைச்சது யாரு? அரைச்சவன்தான் கரி பூசின மூஞ்சியோட வரிசையில நின்னு சுட்டும் இருக்கான். என் ஆராய்ச்சியே அதுதான். இந்தப் படத்துல நம்ம ஆளுங்க துப்பாக்கியோட நிப்பாங்க. அதுக்காகத்தான் இந்த வேலையை ஒத்துக்கிட்டேன்."

கூட்டத்தின் பின்னாலிருந்து அவருடைய தம்பி நெடுமாறன் கேட்டான். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பி, இப்போது கடன் வாங்கி ஓர் அறுவடை இயந்திரம் ஓட்டுபவன்.

"அக்கா, பொங்கலுக்கு விக்கிற பொம்மைத் துப்பாக்கியே மேலத்தெருவுல வித்து மிஞ்சினாத்தான் நம்ம தெருவுக்கு வரும். சினிமாக்காரன் நிஜத் துப்பாக்கி குடுப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். எழில்மொழி சிரிக்கவில்லை. "குடுப்பான். குடுக்க வைக்கிறேன். இது என் வாக்கு," என்றார்.

மாசி மாதம் வந்தது. சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயல்களில் வழக்கமாக உளுந்து முளைத்திருக்கும். மேலத்தெருக் குணசேகரன் இந்த ஆண்டு தன் நிலத்தில் உளுந்து தெளிக்கவில்லை. படக் கம்பெனிக்கு விட்டிருந்தார். முடிகொண்டான் ஆற்றின் கரையையொட்டி, பலகையாலும் பஞ்சாலும் ஒரு மண்கோட்டை எழும்பியது. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பும் குணசேகரனுக்கே போனது. நடவுக்கு ஆள், அறுப்புக்கு ஆள், கட்சி மாநாட்டுக்கு ஆள் என்று சேர்த்துப் பழகியவர். சண்டைக்கு ஆள் சேர்ப்பதா கடினம்?

படப்பிடிப்பு நாளன்று ஊரே வயலில் நின்றது. கவிப்ரியா ஒலிபெருக்கியில் ஒரே வரிதான் சொன்னாள்.

"எல்லாரும் ரெண்டு வரிசையா நில்லுங்க."

தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. யாரும் யாரையும் இப்படி வா, அப்படிப் போ என்று சொல்லவில்லை. வாய்க்கால் நீர் தானாகப் பள்ளத்துக்குப் பிரிவதைப் போல் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு நேர்கோடுகளாக நின்றது. கவிப்ரியா வியந்துபோனாள். "சென்னையில இதுக்கே அரை நாள் ஆகும். என்ன டிசிப்ளின் பாருங்க மேடம்."

எழில்மொழி பார்த்தார். கிழக்கே நின்ற வரிசை மேலத்தெரு. மேற்கே நின்ற வரிசை காலனி. தேர்வடம் பிடிக்கும்போதும், நிவாரணம் வாங்கும்போதும், வாக்குச்சாவடியிலும் இவ்வூரார் நின்று பழகிய கோடுகள் அவை. இரண்டு வரிசை என்று சொன்னால் இவ்வூருக்கு வேறு பொருள் கிடையாது. எழுதப்பட்ட சட்டமாயிருந்தால் கிழித்து எறியலாம். இது கால்களுக்குள் இருந்தது.

படக் கம்பெனியின் பொருட்களைக் காக்கும் ஊழியர்கள் வந்தார்கள். முதல் வரிசைக்குத் துப்பாக்கி. இரண்டாம் வரிசைக்குக் கூடை. கோட்டைச் சுவரின் உடைப்பை அடைக்க மண் சுமக்க வேண்டும். ஊழியர்களுக்குத் தெருவும் தெரியாது, திசையும் தெரியாது. கையருகே இருந்த வரிசைக்குக் கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். வஞ்சமே இல்லாத கைகளால் ஒரு வஞ்சனை எவ்வளவு ஒழுங்காக நிறைவேறிவிடுகிறது.

நெடுமாறன் தன் கையிலிருந்த கூடையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

எழில்மொழி நேரே நாகநாதனிடம் போனார். "சார், இது தப்பு. துப்பாக்கி வரிசையில ஒரு தெரு ஆளுங்க மட்டும் நின்னா அது சரித்திரம் இல்லை. கூடை தூக்குறாங்களே, இவங்களும் துப்பாக்கி பிடிச்சவங்க."

குணசேகரன் குறுக்கே வந்தார். "என்ன டாக்டரம்மா, நம்ம ஊருதானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போகக் கூடாதா? கூடையும் சண்டைதான். கூடை இல்லாமக் கோட்டை நிக்குமா?"

"அப்போ நீங்க ஒரு கூடையை எடுத்துக்குங்களேன்."

குணசேகரன் சிரித்தார், கண்கள் சிரிக்கவில்லை. நாகநாதனுக்கு இந்தப் பேச்சின் அடியில் ஓடியது எதுவும் விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது வேறு. "கலந்து நிறுத்துங்க கவிப்ரியா. விதவிதமா முகம் இருந்தா ஃப்ரேமுக்கு நல்லது."

அவ்வளவுதான். காலனியிலிருந்து பாதிப் பேர் கூடையை வைத்துவிட்டு, பெட்டிகளில் மிச்சமிருந்த துப்பாக்கிகளை வாங்கினார்கள். மேலத்தெருவில் ஓர் ஆள், காலனியில் ஓர் ஆள் என்று மாற்றி மாற்றி நிறுத்தப்பட்டது வரிசை. நெடுமாறனுக்கு அடுத்தாற்போல் நின்றவன் ராஜராஜன், குணசேகரனின் தம்பி மகன். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்தான். அங்கே இவனும் நெடுமாறனும் ஒரே விடுதியில், மேல்கட்டிலும் கீழ்க்கட்டிலுமாக உறங்கியவர்கள். ஒரே சட்டியில் பொங்கித் தின்றவர்கள்.

"மாறா, தலைப்பாகை கட்டினா நீதான் ராஜா மாதிரி இருக்க," என்றான் ராஜராஜன்.

"நீ சினிமாவுக்கு வந்த அறுப்பு ஆள் மாதிரி இருக்க."

இருவரும் சிரித்தார்கள். தூரத்தில் நின்ற எழில்மொழிக்கும் நெஞ்சு நிறைந்தது. துப்பாக்கியைத் தோளில் சார்த்தி, திரியை விரல்களுக்கிடையே பிடித்து, தம்பி நின்ற நிலை அவர் கற்றுத் தந்த நிலை. நாளை திரையில் அவன் முகம் வரும். காலனிப் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு முதுகை நிமிர்த்துவார்கள். வேறென்ன கேட்டார் அவர்? நாடு கேட்கவில்லை, நகரம் கேட்கவில்லை, ஒரு வரிசையில் நிற்க இடம் கேட்டார்.

நாகநாதன் தாம் பல நாட்களாகக் கனவு கண்ட காட்சியை முதலில் எடுக்க விரும்பினார். ராஜராஜனின் முகத்தில் ஏதோ ஒளி இருப்பதாகச் சொல்லி அவனையே தேர்ந்தார். "உன் திரி அணைஞ்சிருக்கும். பதறணும். திரும்பி இவரோட திரியில நெருப்பு வாங்கி ஊதணும். அவ்வளவுதான்."

ராஜராஜன் தலையசைத்தான். கேமரா ஓடியது. புகை கிளம்பியது. ராஜராஜன் அணைந்த திரியைப் பார்த்தான், நன்றாகவே பதறினான். நெடுமாறன் தன் திரியை நீட்டினான். அதன் நுனியில் கனல் சிவந்து நின்றது.

ராஜராஜன் அதை நோக்கிக் கையைக் கொண்டுபோனான். பிறகு வரப்பைப் பார்த்தான். வரப்பில் குணசேகரன் நின்றார். அவருக்குப் பின்னால் மேலத்தெருப் பெரியவர்கள் குடை பிடித்து நின்றார்கள். கை நின்றது. அடுத்த கணம் அது இடுப்பு மடிக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் லைட்டர் இருந்தது. அதைத் தட்டித் தன் திரியைத் தானே கொளுத்திக்கொண்டான்.

"கட். யோவ், என்னய்யா பண்றே? முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதுய்யா லைட்டர்?"

படக்குழு முழுவதும் சிரித்தது. ஊர் சிரிக்கவில்லை. மேலத்தெருவும் சிரிக்கவில்லை, காலனியும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியும். இவ்வூரில் மேலத்தெருவான் காலனியானின் பீடியில் பீடி பற்றவைப்பதில்லை. தீப்பெட்டியை எறியச் சொல்லி எடுத்துக்கொள்வான்; கனலைக் கையிலிருந்து கைக்கு வாங்க மாட்டான்.

லைட்டரைப் பறித்துக்கொண்டு மறுபடி எடுத்தார்கள். இம்முறை ராஜராஜன் நெடுமாறனின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டி, அப்பால் நின்ற தன் தெருக்காரனின் திரியைத் தேடினான். அடுத்த முறை, அணைந்த திரியையே வாயருகே வைத்து வெறுமனே ஊதினான். நாகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காத மாறா," என்றான் ராஜராஜன், உதடு அசையாமல். "பெரியப்பா நிக்கிறாரு."

"சிங்கப்பூர்ல ஒரே சிகரெட்டை மாத்தி மாத்திக் குடிச்சோம். அங்க யாருடா நின்னா?"

"அங்க யாரும் இல்லையே."

குணசேகரன் இயக்குநரின் பக்கத்தில் வந்து, திருமண வீட்டில் குறை சொல்ல வந்தவரைப் போலத் தாழ்ந்த குரலில் பேசினார். "சார், நாங்க ஒண்ணும் பழைய காலத்து ஆளுங்க இல்லை. ஒரே கடையில டீ குடிக்கிறோம். பசங்க ஒரே பைக்குல போறாங்க. நெருப்பு மட்டும் அந்தப் பக்கத்துலேருந்து வாங்குறதில்லை. அதுவும் இப்போ கோயில்ல காப்பு கட்டியிருக்கு. வேற ஒண்ணும் இல்லை. எங்க பசங்களையே வரிசையா நிறுத்துங்க. ஒரே டேக்ல முடிச்சுத் தர்றோம்."

நாகநாதன் பொழுதைப் பார்த்தார். வெளிச்சம் வீணாகிக்கொண்டிருந்தது. அவர் கொடியவர் அல்லர். தம் அலுவலகத்தில் சமத்துவம் பேசுபவர், நன்கொடையும் கொடுப்பவர். கொடியவர்களால் மட்டும் இந்நாட்டில் கொடுமை நடந்திருந்தால் அது என்றோ ஆள் இல்லாமல் செத்திருக்கும். நல்லவர்கள் நேரம் போதாமல் அதைத் தூக்கிச் சுமக்கிறார்கள்.

"கவிப்ரியா, கிழக்கு வரிசைக்காரங்களையே துப்பாக்கியில போடு. மத்தவங்களைக் கூடைக்கு மாத்திடு."

எழில்மொழி முன்னே வந்தார். "சார், அந்தக் காட்சியே வேண்டாம். நெருப்பு வாங்குறது தேவையில்லை. திரிக்கு ரெண்டு முனையிலயும் நெருப்பு வைப்பாங்க. ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணுல பத்தவெச்சுக்குவாங்க. பக்கத்து ஆளே வேண்டாம்."

"ரெண்டும் அணைஞ்சா?"

வாழ்நாளில் வரலாற்றைப் பற்றிப் பொய் சொல்லியறியாத வாய் அது. "அணையாது," என்றார் எழில்மொழி. "நான் முன்னாடி சொன்னது தப்பு. பக்கத்து ஆளுகிட்ட வாங்குனாங்கன்னு சொல்ல ஆதாரம் கிடையாது."

நாகநாதன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். கவிப்ரியா கைப்பேசியை எடுத்து நீட்டினாள். அதில் எழில்மொழி தெளிவான குரலில், பக்கத்தில் நிற்பவனிடம் நெருப்பு வாங்குவான், வேறு வழி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை ஊரே பார்த்தாச்சு மேடம்," என்றார் நாகநாதன். "இந்த ஷாட் இல்லேன்னா மறுபடி என்னை டிக்கெட் கிழிக்க விடுவாங்க. உங்க கோபம் புரியுது. ஆனா நான் உங்களைக் கூப்பிட்டது துப்பாக்கிக்கு. துப்பாக்கி சரியா இருக்கா? இருக்கு. யார் கையில இருக்குங்கறது வேற டிபார்ட்மென்ட்."

"அப்போ என் பேரை எடுத்துடுங்க."

"எப்படி எடுக்கறது? உங்க பேர்தானே மேடம் எங்களுக்கு ஆதாரம்."

காலனிக்காரர்கள் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நெடுமாறன் திரியை மண்ணில் தேய்த்து அணைத்தான். வீசி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவனுடைய அறுவடை இயந்திரம் ஓடுவது மேலத்தெரு வயல்களில். அதன் தவணையைக் கட்டுவது அந்த ஓட்டம். அவன் கூடையை எடுத்தான்.

எழில்மொழி அவனிடம் வந்தார். "மாறா, நான் வாக்குக் குடுத்தேன்."

"நீ குடுத்தேக்கா. வாங்கிக்கத்தான் இங்க ஆள் இல்லை."

காட்சி எடுக்கப்பட்டது. ராஜராஜனின் திரி அணைந்தது. அவன் பதறினான். பக்கத்தில் நின்ற மேலத்தெருக்காரன் திரியை நீட்ட, இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கனலை ஊதினார்கள். கனல் கைமாறியது, புகைக்கு நடுவே இரண்டு முகங்கள் சிவந்து ஒளிர்ந்தன. நாகநாதனின் கண்கள் கலங்கின. "ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி," என்றார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தார். "மேடம், சரித்திரப்படி ஓகேவா?"

வயல் முழுவதும் எழில்மொழியைத் திரும்பிப் பார்த்தது. துப்பாக்கி வரிசை பார்த்தது. கூடை வரிசையும் பார்த்தது.

"ரொம்பச் சரி சார்," என்றார் எழில்மொழி. ஒலிபெருக்கி இல்லாமலே அந்தக் குரல் ஆற்றங்கரை வரை கேட்டது. "திரி சரி, கிண்ணி சரி, கொக்கி சரி. யார் யாருகிட்ட நெருப்பு வாங்கலாம், யாருகிட்ட வாங்கக் கூடாதுங்கறதும் சரி. ஒரே ஒரு குறை. படத்து ஆரம்பத்துல முந்நூறு வருஷத்துக்கு முன்னாலன்னு போடுறீங்க பாருங்க, அது பொய். அதை எடுத்துட்டு இன்னிக்குத் தேதியைப் போடுங்க."

நாகநாதன் கைதட்டினார். "பிரமாதம் மேடம். கவிப்ரியா, இதை நோட் பண்ணு. டிரெய்லர்ல வெச்சுக்கலாம்."

படக்குழுவும் கைதட்டியது. எழில்மொழி மேடைகளில் எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டவர். கைதட்டல் ஒரு மனிதரின் வாயை இப்படி அடைக்கும் என்பதை அன்றுதான் அறிந்தார். அவர் ஆற்றங்கரையில் ஏறி நின்றுகொண்டார்.

அடுத்து மண் சுமக்கும் காட்சி. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை. காலனிக்காரர்கள் குனிந்தார்கள், நிரப்பினார்கள், தலையில் ஏற்றினார்கள், நடந்தார்கள். ஒரே முறையில் முடிந்தது. எழில்மொழியின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை.

பொழுது சாயத் துப்பாக்கிகளைச் சேகரித்தார்கள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, பஞ்சு வைத்த பெட்டிகளில் கிடத்தினார்கள். பெட்டிகள் லாரியில் ஏறின. லாரி கும்பகோணம் சாலையில் சென்னைக்குக் கிளம்பியது. கூடைகளைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை. அவற்றைக் கம்பெனி கொண்டுவரவில்லை. காலையில் வரும்போது அவரவர் வீட்டிலிருந்து எடுத்து வந்து ஊழியர்களிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள்.